ஆங்கிலம் தெரியும் என்று ஒரு கடிதம்

அபெயோகுட்டா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கோலாப்போவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் தங்கை மோரெனிகேயும் கடவுள் புண்ணியத்தில் சுகம். கனடாப் பனியில் அலைந்து நீ இருமாமல் இருக்கிறாயா என்பதுதான் இங்கே தினசரிக் கவலை. ஹர்மட்டான் காற்றின் புழுதி வீட்டை நிறைக்கிறது, அம்மா துடைத்துத் துடைத்து என்னைத் திட்டுகிறாள்.

உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மோரெனிகேவுக்கு இடம் கிடைத்ததே, அதற்கு அவள் ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்க வேண்டுமாம். முப்பது வருடம் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவன் பெண்ணைக் கேட்கிறார்கள். நான் குதித்த குதியை அம்மா சொல்வாள். லாகோஸில் அடுத்த மாதம்வரை தேர்வுக்கு இடமில்லை, கெடுவோ போன வெள்ளிக்கிழமை. பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது என்று படித்த பள்ளியின் தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்தால் தேர்வே வேண்டாம் என்றார்கள். நான் வேலை பார்த்த அந்தப் பள்ளியில் இப்போது தலைமையாசிரியர் யார் தெரியுமா, ஓகுன்லேயே. பன்னிரண்டு வருடம் முன்பு ஆசிரியர் கூட்டத்தில், இந்த ஆளுக்கு இங்கிலீஷே வராது, யார் வேலைக்கு எடுத்தது என்று எல்லோர் முன்னாலும் நான் கேட்டேனே, அவரேதான். என்னைக் காக்கவைத்துக் கேலி செய்வார் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டு போனேன். அவரோ நாற்காலியை விட்டு எழுந்து, என் வயதுக்காகக் குனிந்து தரையைத் தொட்டு வணங்கினார். விஷயத்தைச் சொன்னதும் தாளை எடுத்தார், பேனாவைத் திறந்தார், ஆனால் எழுதவில்லை. கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "நான் எழுதிக் கொடுத்தா பாப்பாவுக்கு ஏதும் கெடுதல் வந்துடாதே சார்? காலைல பிரேயர்லகூட நான் பேசறதில்ல, வேற வாத்தியாரத்தான் பேசச் சொல்றேன்."

குத்திக் காட்டவில்லையப்பா, உண்மையாகவே பயந்து கேட்டார். நான் சொன்னதை இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நீங்க எழுதினாத்தான் செல்லும். அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றேன். எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். பல்கலைக்கழகமும் நேற்று ஏற்றுக்கொண்டுவிட்டது.

ஓகுன்லேயே பயந்து கேட்டதை வீட்டில் சொன்னதும் அம்மா, "ஹாஸ்டல்லேருந்து கோலாப்போ எழுதின முதல் லெட்டரையும்தான் செவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்பினீங்க. அப்புறம் அவன் எழுதினானா?" என்றாள். நீ போனில் அவளிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

தங்கையை விமான நிலையத்துக்கே வந்து அழைத்துப் போ, கம்பளிக் கோட்டு எடுத்து வா. கடவுள் உன்னை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். மறக்காமல் எனக்கு ஒரு கடிதம் போடு. எப்படி வேண்டுமானாலும் எழுது மகனே, நான் படிக்க மட்டும்தான் செய்வேன்.

உன் அப்பா,
சாமுவேல் அகின்டெலே