கமருதீன் கையில் செவலையின் கயிறு

கொல்லம் ஆண்டு 1106, மாசி 24

கடையைச் சாத்திவிட்டு வந்து என் நாய் செவலைக்கு உண்ணி பிடுங்கினேன். காது மடலுக்குள் அத்தனை உண்ணி. என் பெண்டாட்டி லீலாபாய் கிட்டே வரமாட்டேன் என்கிறாள். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்ததும் முயல் வேட்டை. நானும் கோலப்பனும் கோட்டாறு கமருதீனும், வருஷா வருஷம் போவதுதான். கஞ்சி ஊற்றுவது நான், குளிப்பாட்டுவது நான். வேட்டையன்று கயிறு பிடிப்பது கமருதீன்.

அவனுக்கு அப்படி ஒரு முறை. ‘பிஸ்மில்லா’ சொல்லி அவன் அவிழ்த்துவிட்ட நாய் பிடித்தால், முயல் செத்தே கிடந்தாலும் அவன் தின்னலாம். வேறு ஆள் அவிழ்த்தால், உயிர் போவதற்குள் அவனே அறுத்தால்தான் ஆகும். சரி, சிநேகிதன், தின்னட்டும் என்று முதல் வருஷம் கொடுத்த கயிறு. இன்றுவரை என் கைக்குத் திரும்பவில்லை.

பங்குனி 9

மூன்று முயல். மருத்துவாழ்மலை அடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவன் மெச்சுகிறான், "கமருதீன் மொதலாளிக்க நாயி கொள்ளாம்." முதலாளியின் நாயா? அவன் அதைத் தொடக்கூட மாட்டான். பல் பட்ட இடத்தை மண் தேய்த்து ஏழு தடவை கழுவுகிறவன். கமருதீனும் மறுத்துப் பேசவில்லை, சிரித்துக்கொண்டு நின்றான்.

1107, ஐப்பசி 3

காலையில் தோப்பில் செவலையைப் பழக்குகிறேன். "போ" என்றால் ஓட வேண்டும். கருவாடு காட்டினால் ஓடுகிறது.

பங்குனி 14

மானம் போயிற்று.

இந்த வருஷம் கயிறு என் கையில்தான் என்று சொல்லிவிட்டேன். கமருதீன் "சரி மக்கா" என்று விலகி நின்றான். உடைமரத்தடியில் முயல் எழும்பியது. அவிழ்த்தேன். போ என்றேன். போலே என்றேன். கத்தினேன் — செவலை உட்கார்ந்து கமருதீன் வாயைப் பார்க்கிறது. கோலப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். முயல் போயே போய்விட்டது.

வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டேன். "நாயத் தொட்டா ஒனக்குத் தீட்டு. அது பிடிச்சதத் திங்க மட்டும் நாக்கு நீளுதோ?"

துண்டை உதறித் தோளில் போட்டான். நடந்தான். திருப்பி இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாமே?

பங்குனி 15

அவன் வரட்டும். நான் போக மாட்டேன்.

1108, தை 26

கோட்டாறு சந்தை. வேண்டுமென்றே அவன் அரிசிக்கடை வழியாகப் போனேன். அவன் தலை நிமிரவில்லை. நானும் நிற்கவில்லை. லீலாபாய் சொல்கிறாள், "ஒங்க ரெண்டு பேரவிட அந்த நாய்க்கு வெவரம் உண்டு. ஒருக்கா போயி விளிச்சா என்ன?" அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

பங்குனி 11

கமருதீன் வரவில்லை. நானும் கோலப்பனும் மட்டும்தான். முதல் முயல் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. செவலை அவன் வழக்கமாக நிற்கும் பாறையையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. எனக்கும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முடியவில்லை, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

மூன்றாவது எழும்பியபோது குனிந்து நாயின் காதில் கமருதீன் சொல்லும் அந்த வார்த்தையைச் சொன்னேன். ஞாயிறுதோறும் சபையில் ஜெபம் சொல்லும் வாய். என்னைத் தள்ளிவிட்டு ஓடியது நாய்.

பின்னாலேயே ஓடி, உயிர் போவதற்குள் முயலைப் பிடுங்கினேன். துண்டில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கோலப்பன் கூப்பிடக் கூப்பிட வண்டி ஏறினேன். கோட்டாறு வரை பிறாண்டிக்கொண்டே வந்தது சனியன்.

கமருதீன் துண்டை விலக்கிப் பார்த்தான். "உயிரு கெடக்குலே."

"அதுக்குத்தான் கொண்டு வந்தேன். நீயே அறு."

"நாயி எப்பிடி ஓடிச்சு?"

நான் முயலை அவன் பக்கம் நீட்டினேன். என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான் போல. பிறகு கத்தி எடுக்க உள்ளே போனான்.

கிளம்பும்போது ஒரு தொடையை வாழையிலையில் கட்டிக் கொடுத்தான். "நம்ம நாய்க்கு."

நம்ம நாயாம். எரிச்சலாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.