பந்தைக் காலடியில் தட்டுங்கடா

ஹவானா,
15 பிப்ரவரி 1951

அன்புள்ள அப்பாவுக்கு,

குழந்தைக்குச் சளி விட்டுவிட்டது. ஆனாலும் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இனி எழுதுவது உங்களுக்கு மட்டும். உங்கள் மாப்பிள்ளை எலாடியோவின் வலது தோள் மோசம். மட்டைக்காரனுக்கு நின்று நிதானித்துப் பந்தெறிந்துவிடுகிறார்; காலடியில் உருளும் பந்தைக் குனிந்து எடுத்துச் சட்டென்று திரும்பி எறியக் கை வருவதில்லை. இரண்டு மாத ஓய்வில் சரியாகுமாம். ஞாயிறு பேஸ்பால் கடைசி ஆட்டத்தில் இவருடைய நீல அணி ஜெயித்தால் கோடைக்கு அமெரிக்காவில் ஆட ஒப்பந்தம் போடுவார்கள். எங்களுக்கு அது ஒன்றுதான் வழி. நீங்கள் எதிரணியான சிவப்பின் கட்சி, தெரியும். அதற்கு முன்னால் எனக்கு அப்பா. வெளியே விட்டுவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
செனாய்தா

ஹவானா,
19 பிப்ரவரி

அப்பா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. ரயிலேறி வந்து, மைதானத்தில் மூன்றாம் வரிசையில் நின்று, "மட்டையை ஓங்காதீங்கடா! பந்தைக் காலடியில தட்டுங்கடா! மாப்பிள்ளைக்குத் தோள் போச்சு, எடுத்து எறிய மாட்டான்!" என்று கத்தியது யார்? கைக்குழந்தையோடு பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் தொண்டை எனக்குத் தெரியாதா?

அவர்களும் தட்டினார்கள். இவர் எடுத்து எறிந்த பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது. அதற்குள் சிவப்பில் இரண்டு பேர் ஓடி முடித்துவிட்டார்கள். கோப்பை போயிற்று. ஒப்பந்தத்தோடு வந்த அமெரிக்கர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்து போனார்.

என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

செனாய்தா

கார்டெனாஸ்,
22 பிப்ரவரி

கண்ணு செனாய்தா,

தப்புதான் அம்மா. வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் வந்தேன். எட்டாம் சுற்றில் பக்கத்து நீலக்காரன், "என்ன பெரியவரே, சொந்த மாப்பிள்ளையே உங்களுக்குக் குழி வெட்டுறானே!" என்றான். வாய் தானாகத் திறந்துகொண்டது. இத்தனை வருஷமாகக் கத்துகிறேன், ஒரு பயலும் காதில் வாங்கியதில்லை. அன்றைக்குப் பார்த்து வாங்கித் தொலைத்தான்கள்.

ஊரில் என்னைத் தோளில் தூக்கி வந்தார்கள். உன்னிடம் மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக் கதவைத் திறந்தபோதுதான் உறைத்தது.

மார்ச் நாலாம் தேதி பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு வருகிறேன். சிவப்புச் சட்டை போடமாட்டேன், சத்தியம்.

உன் அப்பா,
கிறிசாந்தோ

ஹவானா,
26 பிப்ரவரி

அப்பா,

வாருங்கள். எலாடியோதான் எழுதச் சொன்னார். "ஆட்டத்தைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டவரு உங்கப்பா ஒருத்தர்தான். எங்க மேனேஜருக்கு அந்த மூளை இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்" என்று சிரிக்கிறார். உங்கள் மேல் அவருக்குக் கோபமே இல்லை.

என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "அவருக்கு யாரு சொன்னது?"

நான்தான் என்றேன். அதிலிருந்து வலியைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை. துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்கிவிட்டு வருகிறார். தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லாருக்கு" என்கிறார். நல்லாருக்காம்!

பேத்தியைக் கொஞ்சுங்கள், விருந்து சாப்பிடுங்கள், ரயிலேறுங்கள். கடிதமும் எழுதுவேன். மழை பெய்தது, காபி விலை ஏறியது என்று எழுதுவேன். இந்த வீட்டுக்குள் நடப்பது எதுவும் இனி உங்கள் காதுக்கு வராது.

இங்கே இரண்டு நாளாக வாடைக்காற்று.

செனாய்தா