நாற்பத்தெட்டாவது கொடி

மலையேறும்போது எப்போதும் எனக்கு நாலடி முன்னால் நடந்த என் நூருக்காவுக்கு,

தை பிறந்துவிட்டது. பள்ளத்தாக்கில் பனி இறங்குகிறது. நீ போய் ஓர் ஆண்டுக்கு மேலாகிறது. உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்வதற்கு முன்பே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது. ஆனால் உன்னை எங்கே வந்து பார்ப்பது?

இதை வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள். நீ உத்தமபாளையத்துப் பெண், நான் வீரபாண்டிக்காரி. ஒரே ஆய்வகம். நீ எனக்கு இரண்டு வருடம் மூத்தவள். லோயர் கேம்ப்புக்கு மேலே உள்ள காட்டுச் சரிவுகளில் வளரும் காட்டு மிளகுக் கொடிகளில் எது எதற்கு உறவு என்று பார்ப்பது நம் வேலை. கொடிக்கு ஒரு எண் கொடுத்து மஞ்சள் நூலில் சீட்டுக் கட்டுவாய். பிறகுதான் இலை பறித்து, அதே எண் எழுதிய பொட்டலத்தில் ஈரம் உறிஞ்சும் நீல மணிகளோடு போடுவாய். கட்டும்போது அந்த எண்ணை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்பாய். நான் அதற்குச் சிரிப்பேன்.

இலையில் பச்சை நிறம் இருக்கும் இடம் பசுங்கணிகம். அதற்கென்று தனியாக ஒரு மரபணு வளையம் உண்டு. மிளகில் அது தாய்க்கொடியிடமிருந்துதான் வரும். ஒரு லட்சத்து அறுபதாயிரம் மரபணு எழுத்துக்கு மேல் நீளும் அந்த வளையங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், கணினி ஒரு மரம் வரைந்து கொடுக்கும். தாய்களை மட்டுமே கொண்ட வம்சமரம்.

நாம் சேர்த்த நாற்பத்தேழில் நாற்பத்தாறு கொடிகளும் அந்த மரத்தில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்தன. நாற்பத்தேழாவது மட்டும் ஒட்டாமல், நீளமான ஒரு தனிக்கிளையில் போய் நின்றது. பார்வைக்கு அது சாதாரணக் காட்டு மிளகு. பத்தடி தள்ளி நிற்கும் கொடிக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

“பொட்டலம் மாறியிருக்கும்” என்றார் பேராசிரியர்.

நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். “ஆமா சார், அன்னைக்கு மழை. நூருக்கா அவசர அவசரமாத்தான் எழுதுனாக.”

மழை பெய்தது உண்மை. நீ அவசரப்பட்டாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அன்று ஜீப்பை விட்டே இறங்கவில்லை. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய், அவ்வளவுதான். கோபித்திருந்தால்கூட எனக்கு நன்றாயிருந்திருக்கும்.

மறுநாள் காலையில் நீயே போன் செய்தாய்.

“ஏ மாரி, நான் மாத்திப் போடலடி.”

“அப்ப எப்படிக்கா அப்படி வரும்?”

“போய்ப் பாத்தாத்தான தெரியும். கொடி அங்கனதான நிக்கிது. வாரியா?”

“எனக்கு எழுதுற வேல கெடக்குக்கா. நீ போய்ட்டு வா.”

எழுதுகிற வேலை அப்படியொன்றும் இல்லை. உன் முகத்தைப் பார்க்கக் கூசியது, அதுதான்.

அன்று நீ தனியாகப் போனாய். மேலே எங்கேயோ பெய்த மழை, நண்பகலில் ஓடையில் வெள்ளமாகச் சத்தமில்லாமல் இறங்கியது என்றார்கள். சாயங்காலம் உன்னைக் கண்டெடுத்தார்கள். அடக்கத்துக்கு உன்னைத் தூக்கிப் போனபோது நான் தெருமுனையில் நின்றேன். உன்னைப் பெற்ற அத்தா என்னைக் கடந்து போனார். அவர் என்னைப் பார்த்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பத்து மாதம் கழித்து அவர் ஆய்வகத்துக்கு வந்தார். கையில் உன் தோள்பை. வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் ஓடைக்கு அக்கரையில், ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கிளையில் அது மாட்டிக்கிடந்ததாம். வனத்துறைக்காரர்கள் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பீரோவில் வைத்துப் பூட்டியவர் அதற்குப் பிறகு தொடவேயில்லை.

“என்னால தெறக்க முடியலம்மா. ஒங்க படிப்புச் சாமான் இருக்கும். நீயே பாரு.”

அவர் போன பிறகு திறந்தேன். துணி, நோட்டு, டப்பா எல்லாம் நனைந்து காய்ந்து பூஞ்சை பிடித்திருந்தன. அடியில் ஒரே ஒரு பொட்டலம். ‘47. மறுபடி’ என்று உன் கையெழுத்து, ஓர் எழுத்துகூடக் கரையாமல். ஈரம் பட்டால் வெளிறிச் சிவக்கும் அந்த நீல மணிகள், போட்ட அன்றைக்கு இருந்த நீலத்திலேயே இருந்தன. நடுவில் உன் இலை, பச்சையாக. வெள்ளத்தில் முங்கி, மூன்று நாள் ஈரத்தில் தொங்கிய பை, அக்கா.  பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டேன்.

அந்த இலையின் பசுங்கணிக வளையத்தை நானே படித்தேன். முதலில் வந்தது எதுவோ அதுவே திரும்பவும் வந்தது, எழுத்துக்கு எழுத்து. நீ மாற்றிப் போடவில்லை.

ஆனால் தாய், தகப்பன் இருவர் பங்கும் சேர்ந்திருக்கும் உட்கருவைப் படித்தால், அது பக்கத்துக் கொடிகளின் சொந்தம்தான் என்கிறது. பசுங்கணிகம் மட்டும் வேறு. அப்படியென்றால், எந்தக் காலத்திலோ வேறொரு இனத்துத் தாய்க்கொடியில் இவற்றின் மகரந்தம் விழுந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அதுவே நடந்து, உருவமெல்லாம் தகப்பன் பக்கம் போய்விட்டது. அந்தத் தாயின் வளையம் மட்டும் இலைக்குள் தங்கிவிட்டது. உலகத்தில் சேர்த்துவைத்திருக்கும் மரபணு வரிசைகள் அத்தனையிலும் தேடினோம். அப்படி ஒரு தாய் எங்குமே இல்லை.

“அந்த இனமே அழிஞ்சு போயிருக்கலாம்” என்றார் பேராசிரியர், மெதுவாக.  யாரும் பார்த்திராத ஒன்று, அடுத்தவர் இலைக்குள் இருந்துகொண்டு இன்னும் வெயிலைத் தின்றுகொண்டிருக்கிறது.

போன மாதம் அனுமதி வாங்கிக்கொண்டு மேலே போனேன். வனக்காவலர் பொன்னையா கூட வந்தார். நீ போன பிறகு இங்கே மாற்றலாகி வந்தவர், உன்னைப் பார்த்ததே இல்லை. ஓடைக்கரை வந்ததும் நின்றுவிட்டார். கணுக்கால் அளவுதான் தண்ணீர்.

“நீங்க போய்ட்டு வாங்கம்மா. நா இங்கனயே நிக்கேன்.”

“ஏண்ணே?”

“தண்ணிச் சத்தத்துக்குள்ள பேச்சுக் கேக்குதும்மா. பகல்லயே கேக்குது. ஏதோ நம்பரு. ஒரே நம்பரத் திரும்பத் திரும்பச் சொல்றாப்புல.”

நான் ஓடைப் பக்கம் திரும்பினேன். “நாப்பத்தேழா?”

அவர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். “இல்லம்மா. நாப்பத்தெட்டு.”

என் காதில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் விழுந்தது. நாற்பத்தெட்டு என்று நம் நோட்டில் ஒன்றும் கிடையாது. பையிலும் அப்படியொரு பொட்டலம் இல்லை. இறங்கிக் கடந்தேன். அக்கரையில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. நாற்பத்தேழு உன் மஞ்சள் நூலோடு நின்றது. அதைத் தாண்டிப் பாறையிடுக்கில் இன்னொரு மஞ்சள் தெரிந்தது.

மண்டியிட்டுப் பார்த்தேன். உன் சீட்டு. உன் எழுத்து. நாற்பத்தெட்டு.

இலை ஒடுங்கி, அடிப்புறம் செம்பு நிறமாக, நான் எங்கும் பார்த்திராத ஒரு கொடி. சீட்டு நூலில் இரண்டாவது முடிச்சு விழவில்லை. கட்டிக்கொண்டிருந்தபோதே தண்ணீர் வந்துவிட்டதா, அக்கா? அதைப் பார்த்த சந்தோஷத்தில்தான் ஓடையைக் கவனிக்காமல் விட்டாயா? அந்த நேரத்தில் பக்கத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன்?

விட்டுப்போன முடிச்சை நான் போட்டேன். ஓர் இலை பறித்தேன். திரும்பி வந்தபோது பொன்னையா அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சத்தம் நின்னுருச்சும்மா” என்றார். “செத்த முன்னாலதான்.”

இன்று காலை முடிவு வந்தது. நாற்பத்தேழு நிற்கும் அதே தனிக்கிளையில், அதன் பக்கத்தில், நாற்பத்தெட்டு. அதற்கு உட்கருவும் வேறாகவே இருக்கிறது, கலப்பில்லாமல். அழிந்துபோனது என்று நாங்கள் நினைத்த தாய் இனம் அழியவில்லை. பாறையிடுக்கில் ஒரே ஒரு கொடியாக உயிரோடு இருக்கிறது. கண்டுபிடித்தவள் நீ.

மத்தியானம் உத்தமபாளையம் போய் அத்தாவிடம் சொன்னேன். மரபணு, வளையம் ஒன்றையும் அவர் கேட்கவில்லை.

“அப்ப எம்மக தப்பாப் போடல. அதான?”

“போடலத்தா. தப்புச் சொன்னது நான். அன்னைக்கு அவ கூட வாரியான்னு கேட்டா. நான் போகல.”

 அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன். மன்னித்தாரா, தெரியவில்லை. நீ?

பேராசிரியர் முன்னால், அன்று அந்த அறையில் இருந்த எல்லோர் முன்னாலும் நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். கட்டுரையில் உன் பெயர்தான் முதலில் வரும். அந்தக் கொடியின் துணுக்கு ஒன்றை வேர்பிடிக்க வைத்து, அது ஒற்றையாய் நிற்காமல் பார்த்துக்கொள்வேன். இனி இந்த மலைக்கு யாரையும் தனியாக அனுப்பமாட்டேன். கூப்பிட்டவர் குரலுக்கு வேலை கிடக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன். இது சத்தியம், அக்கா.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
கௌமாரி
வீரபாண்டி