எழுத்தில் உள்ளதே செல்லும்

விருதுநகர்,
9.7.2025

அன்புள்ள தம்பி மணிகண்டராஜுக்கு,

ஐந்தாம் வகுப்பில் வங்கிச் சலான் நிரப்பச் சொல்லிக்கொடுத்தபோது, முத்துச்செல்வி என்ற பெண் கேட்டாள்: "எண்ணுல ஒண்ணு, எழுத்துல ஒண்ணு இருந்தா எதை நம்புவாக டீச்சர்?" எழுத்தைத்தான் என்றேன். எண்ணில் கை தவறி ஒரு சுழி கூடிவிடும். 'ஆயிரம்' என்று எழுதுகிறவன் யோசித்துத்தான் எழுதுவான்.

உன் டெண்டரிலும் அதே விதிதான் போலிருக்கிறது. சுகாதார நிலையத்துச் சுற்றுச்சுவருக்கு மீட்டருக்கு 3,650 ரூபாய் என்று எண்ணில் போட்டிருக்கிறாய்; பக்கத்திலேயே எழுத்தில் ஆறாயிரத்துச் சொச்சம். எழுத்தைப் பார்த்து வேலையை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நீ வழக்குப் போட்டிருக்கிறாய். அது உன் எழுத்தே இல்லை என்று நான் பிரமாணப் பத்திரம் தந்தால் வேலை உனக்குத் திரும்புமாம். 'அ'னா எழுத உன் கையைப் பிடித்தவள் நான். சொல்லலாம்தான்.

நகலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 'இருநூரு' என்றிருக்கிறது. முப்பது வருஷம் நான் திருத்தியும் உன் அத்தானுக்குப் போகாத பிழை. எழுத்துக் கட்டத்தை அவர்தானே உனக்கு நிரப்பித் தருவார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. படிவத்தின் தேதி போன மாதம்.

யார் எழுதியது?

காலாகாலத்தில் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா யோகேஸ்வரி

திருத்தங்கல்,
14.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கால் வலி எப்படி இருக்கு? மாத்திரையைப் பாதியில விட்டுறாதீக.

நான்தான் எழுதினேன். மூவாயிரத்து அறுநூற்று ஐம்பதுன்னு நினைச்சுத்தான் எழுதினேன். நேத்து வக்கீல் மாதிரிக்கு எழுதிக் காட்டச் சொன்னார். பத்துத் தடவை எழுதினேன். பத்துலயும் ஆறாயிரத்து இருநூரு. பேனாவை மாத்தினேன், இடது கையால எழுதினேன். அத்தான் எழுத்துதான்க்கா. வக்கீல் கண்ணாடியைக் கழட்டிட்டு எந்திரிச்சுப் போயிட்டார். வேலையை வாங்கிட்டுப் போன கோட்டைச்சாமி, "ஏலே, பேய் பிடிச்ச கான்ட்ராக்டருக்குச் சுடுகாட்டு வேலைதாம்லே தருவாக"ன்னு சிரிக்கான்.

இது போனா கம்பெனியை மூட வேண்டியதுதான். என் எழுத்து இல்லைன்னு மட்டும் எழுதிக் கொடுங்க. அது பொய்யும் இல்லையே.

இன்னொண்ணு. இனி என்னால மறைக்க முடியல. ஆனைக்குட்டத்து ரேஷன் கடைச் சுவர், வேற ஆள் லைசென்ஸ்ல நான் எடுத்துக் கட்டினது. அதுவும் இதே ரேட்டுதான்.

உங்கள் தம்பி,
மணி

விருதுநகர்,
17.7.2025

மணிகண்டராஜுக்கு,

பத்திரத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மழைக்கு ஒதுங்கிய உன் அத்தான்மேல் அந்தச் சுவர் சாய்ந்த அன்று, "காத்து அப்படிக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். காற்றைத்தான் இரண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று கண்ணுச்சாமி கொத்தனாரிடம் விசாரித்தேன். சிமெண்டு, கம்பி எதையும் குறைக்காமல் ஒரு மீட்டர் சுவர் எழுப்ப என்ன ஆகும் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்து, ஆறாயிரத்து இருநூரு என்றார்.

மேல் வரியில் பிழை இருக்கிறது. எழுதும்போதே பார்த்தேன். முப்பத்தைந்து வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்த கை இது. திருத்த மனம் வரவில்லை.

வழக்கை நடத்துவதோ விடுவதோ உன் இஷ்டம். அந்தச் சுவரில் பாதி இன்னும் விழாமல் நிற்கிறதாம். பகலில் போ. தனியாகப் போ. அதன் பூச்சை உன் விரல் நகத்தால் ஒருமுறை கீறிப் பார்.

யோகேஸ்வரி