உன் பெயரில் வந்த நல விசாரிப்பு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நலம் என்ற வார்த்தையை எழுத இந்த முறை மனம் வரவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், இருப்பாய், ஆனால் அதை நீயே கைப்பட எழுதினால்தான் இனி நம்புவதாக இருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் எழுதினால் அந்தப் பக்கம் யார் படிக்கிறார்கள் என்று எனக்கு இப்போது சந்தேகம், அதனால்தான் பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, டோக்கன் எழுதுகிற பேனாவால் இதை எழுதுகிறேன். அக்கா சௌக்கியம், அவள் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறாள். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் உன் எண்ணிலிருந்து ஒரு வீடியோவும் கூடவே ஒரு செய்தியும் வந்தன. "அம்மா, நான் பேசியிருக்கேன், கடைசி வரைக்கும் பாருங்க, தெரிஞ்சவங்களுக்கும் அனுப்புங்க" என்று. பிள்ளை பேசியிருக்கிறான் என்றால் பார்க்காமல் இருப்பேனா, சாப்பாட்டு நேரத்தில் எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் பார்த்தேன். புதிதாகக் கம்பெனி தொடங்கியவர்கள் எல்லாம் வாரத்துக்கு ஒருமுறை கூடி, பொருளை எப்படிச் செய்வது, வாடிக்கையாளரை எங்கே பிடிப்பது என்று ஒருவருக்கொருவர் அறிவுரை சொல்லிக்கொள்கிற கூட்டமாம். அடேயப்பா, என்ன அறிவுரை, என்ன தலையாட்டல்! ஒரு பெண் செடிக்குத் தண்ணீர் ஊற்ற நினைவுபடுத்துகிற ஆப் செய்திருக்கிறாள், யார் வாங்குகிறார்கள் என்று கேட்டால் பக்கத்து நாற்காலியைக் காட்டுகிறாள். அந்த நாற்காலிக்காரன் ஒழுங்காக மூச்சு விடச் சொல்லித்தருகிற ஆப் செய்திருக்கிறான், அதை வாங்கியது இவள். அவன் வீட்டில் செடியே இல்லையாம், அதையும் வாய்கூசாமல் சொல்கிறான். வெளியிலிருந்து ஒரு ஈ காக்கை உங்களிடம் வந்ததாகத் தெரியவில்லை, ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துவிட்டு அதற்கு வளர்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். இதில் உங்களுக்கெல்லாம் குரு, வீட்டுக்குள்ளேயும் தொப்பியைக் கழற்றாத அந்த மனிதர். மூன்று கம்பெனி தொடங்கி மூன்றையும் மூடியவர், அந்த அனுபவத்தில் சொல்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்துகிறார். எங்கள் ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்குத் தப்பான பல்லைப் பிடுங்கிய டாக்டர் இருந்தால் அவரை நாங்கள் பாடம் நடத்தக் கூப்பிட மாட்டோம்.

அப்புறம் நீ எழுந்தாய். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடு. வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் தங்கள் பழைய செய்திகளை எடுத்துக் கொடுத்துவிட்டால் போதும், அவர்கள் எழுதுகிற மாதிரியே பெற்றோருக்குத் தினமும் எழுதி நலம் விசாரிக்கிற இயந்திரம் ஒன்றைச் செய்திருப்பதாகச் சொன்னாய். "எங்க அப்பா அம்மாவை வச்சுதான் சோதிச்சேன், மழைக்காலத்துலேர்ந்து ஓடிக்கிட்டிருக்கு, அவங்க இன்னும் கண்டுபிடிக்கல" என்று நீ சொன்னதும் அத்தனை பேரும் கைதட்டினார்கள். தொப்பிக்காரர் எழுந்து, "அவங்ககிட்ட சொல்லிடாதீங்க, இதைவிட நல்ல சோதனை கிடைக்காது, மனசு உறுத்துற பிள்ளைங்க எங்கே இருக்காங்களோ அங்கே போய் வாடிக்கையாளரைத் தேடுங்க" என்றார். அதை நீ அக்கறையாகக் குறித்துக்கொண்டாய். நான் சொன்ன எதையாவது நீ என்றைக்காவது குறித்துக்கொண்டிருக்கிறாயா?

இந்த லட்சணத்தில், அந்த வீடியோவை எனக்கு அனுப்பியதும் அந்த இயந்திரம்தான். அதே வார்த்தையில் அக்காவுக்கும் வந்திருக்கிறது, அவளையும் அம்மா என்று கூப்பிட்டு. ஆட்கள் பார்க்க வேண்டும் என்றால் முதலில் சொந்தபந்தத்துக்கு அனுப்புங்கள் என்று குரு அதே கூட்டத்தில் சொன்னாரே, நீ அந்த வேலையையும் அதன் தலையில் கட்டியிருப்பாய், அது யாருக்குத் தெரியக் கூடாதோ அவளுக்கே கொண்டுவந்து காட்டிவிட்டது. இதுதான் ராப்பகலாக மூளையைக் கசக்கி நீ கட்டிய சாமான். இங்கே நான் என்னடா என்றால், என் பிள்ளை ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டீங்களா என்று கேட்பான் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். வெட்கமாக இருக்கிறது. என்னோடு முடிந்திருந்தால் உன்னை நாலு திட்டு திட்டிவிட்டு ஆறிப்போயிருப்பேன், அப்பா விஷயம் அப்படி இல்லை.

அன்று வீட்டுக்குப் போனதும், அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அவருடைய போனை எடுத்துப் பார்த்தேன். அந்த இயந்திரம் அவரிடமும் என்னவெல்லாம் உளறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் எடுத்தேன். அவர் உனக்கு எழுதியிருக்கிறார், "தம்பி, டாக்டர் இனிமே வேன் ஓட்டக் கூடாதுன்னு சொல்லிட்டார். கை நடுக்கம் நிக்காதாம். அம்மாகிட்ட இன்னும் சொல்லல. உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன்." அதற்குக் கீழே உன் பெயரில் பதில், "சூப்பர் அப்பா! நிறைய தண்ணி குடிங்க, ஜாலியா இருங்க." கூடவே ஒரு சிரிக்கிற மூஞ்சி. அதற்குப் பிறகு அவர் "சரிப்பா" என்பதைத் தவிர வேறு எதுவும் எழுதவில்லை. இவ்வளவு வருஷம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய மனிதர், நேற்று வரைக்கும் தினமும் காலையில் அதே காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, வேன் நிறுத்துகிற ஷெட்டில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வேன் திரும்புகிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறார், எனக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. அது தெரிந்ததும் அந்தச் சட்டையைத் துவைக்கவே எனக்குக் கை ஓடவில்லை.

நேற்று டீ தம்ளரை அவரால் பிடிக்க முடியவில்லை, சிந்திவிட்டது, நானும் விடாமல் கேட்டேன், ஒப்புக்கொண்டார். பையனுக்குத் தெரியுமா என்று ஒன்றும் அறியாதவள் போலக் கேட்டேன். "சொன்னேன், அவன் பெருசா எடுத்துக்கல. வேலை நெருக்கடியா இருக்கும், பாவம். இனிமே நம்ம கஷ்டத்தையெல்லாம் அவன்கிட்ட கொண்டுபோக வேணாம்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதை எழுதியது அவன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், மழைக்காலத்திலிருந்து ஒரு நாள்கூட உங்கள் பிள்ளை உங்களிடம் பேசவில்லை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துணியை எடுத்துச் சிந்திய டீயைத் துடைக்கப் போய்விட்டேன்.

உன் கம்பெனி நன்றாக வரட்டும், உடம்பில் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ், பெற்றவள் வாயிலிருந்து வேறு வராது. மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிடு, எழுதாதே, வாயைத் திறந்து பேசு, என்ன பேசுவது என்று தொப்பிக்காரரைக் கேட்காதே. எனக்கு ஒரே ஒரு பதில் மட்டும் எழுது. அவர் மறுபடியும் உன் பேச்சை எடுத்தால் நான் என்ன சொல்லட்டும், அவர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் நீ அப்படிப் பதில் போட்டாய் என்றா, இல்லை அதை நீ படிக்கவே இல்லை என்றா?

இப்படிக்கு,
உன் அம்மா