பின்னால் ஓடி வந்தது

அன்புள்ள அம்மா,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? ஆம்ஸ்டர்டாமில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சனிக்கிழமை காலை ஒரு வேடிக்கை. கஞ்சா இழுத்து, கடுங்காப்பியும் குடித்துவிட்டு ஓடினால் களைப்பே தெரியாது என்றான் அறைத்தோழன் சீகர். இருவரும் அப்படியே செய்துவிட்டு, மூடுபனியில் கால்வாய்க் கரையோரம் ஓடினோம். பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. திரும்பினால் ஆளில்லை.

“அது உன் நெஞ்சு அடிக்கிற சத்தம்டா, பயந்தாங்கொள்ளி!” என்று சீகர் சிரித்துக்கொண்டே நின்று, என் மார்பில் கைவைத்தான். சிரிப்பு அடங்கிவிட்டது.

“யோரிட், உன் நெஞ்சு படபடன்னு அடிக்குது. அந்தச் சத்தம் நிதானமால்ல வருது!”

அது எங்களைக் கடந்து, தண்ணீர்ப் பக்கம் போய் ஓய்ந்தது.

பயப்படாதீர்கள், இனி கஞ்சாவைத் தொடமாட்டேன். சீகர் அறையைக் காலி செய்துவிட்டான். கம்பளிக் காலுறை அனுப்புங்கள். ஞாயிறு போனில் நான் பேசாமலிருந்தாலும் வைத்துவிடாதீர்கள். நீங்கள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டாலே போதும்.

வேலைக்கு நேரமாகிறது.

யோரிட்