அண்ணா கொடுத்த என் வீடு

நவம்பர் 8, சனி

விடிந்ததிலிருந்து மழை. யன்னல் கம்பியில் துரு இன்னும் கூடிவிட்டது. தண்ணீர் மோட்டர் மறுபடி பழுது. மூன்றாம் மாடிக்காரர் மட்டும் வழக்கம்போலத் தன் பங்கைத் தரமாட்டாராம்.

வாங்க வேண்டியது: கூழுக்கு ஒடியல் மா, முருங்கைக்காய், நல்ல கணவாய் கண்டால் கணவாய், சீனி போடாத பிஸ்கட், தலையணை உறை இரண்டு. அண்ணா செவ்வாய்க்கிழமை லண்டனிலிருந்து வருகிறார். எங்கள் பல்கலைக்கழகப் பழைய மாணவர் சங்கம் (இனி ப.மா.ச., எழுதிக் கை உளைகிறது) அவருக்குக் 'கொடைச் செம்மல்' விருது கொடுக்கிறது. நானும் அங்கேதான் படித்தவள். மாசம் மாசம் பிள்ளைகளின் படிப்புக்குச் சல்லி அனுப்புகிறவர், கொடுக்கட்டும். போன கிழமை முழுக்க எனக்குச் சந்தோசம், ஒரே புளுகம். பச்சைச் சேலைக்குச் சட்டையும் தைக்கக் கொடுத்தேன்.

பதினொரு மணிபோல ப.மா.ச. செயலாளர் குகதாசன் போன்.

"ரீச்சர், நாளைக்கு வந்து வீட்டை ஒருக்காப் படம் எடுக்கலாமோ? விழா மலருக்கு."

"என்ர வீடு எதுக்குத் தம்பி மலருக்கு?"

"அண்ணா சங்கத்துக்கு எழுதிக் குடுக்கிறார் எல்லோ. விருந்தினர் விடுதிக்கு. உங்களுக்குத் தெரியும்தானே ரீச்சர்?"

"ஓம் ஓம், தெரியும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? என் வாய்க்குள் என்ன கொழுக்கட்டையா இருந்தது? சொந்தத் தமையன் என்னிடம் சொல்லவில்லை என்று இன்னொருத்தனுக்குத் தெரியக்கூடாது. அந்த வெட்கம். அவ்வளவுதான். போனை வைத்தபிறகு சந்தைக்குப் போகவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

நித்திரை இல்லை. மழை விட்டுவிட்டது, புழுக்கம்.

குகதாசன் வந்து படம் எடுத்தார். ஹோல், குசினி, கடற்பக்கத்து பல்கனி, பிள்ளைகளின் அறை. நானும் சிரித்துக்கொண்டு திரைச்சீலையை ஒதுக்கிவிட்டேன், பிளேன்ரீயும் கொடுத்தேன். வெட்கம் கெட்டவள்.

பிள்ளைகளின் அறை என்றால்: எங்கள் பல்கலைக்கழகக் கம்பஸிலிருந்து கொழும்புக்குப் பயிற்சிக்கு வருகிற பெட்டைகளுக்கு நான் விடுகிற அறை. ஒருத்தி போக இன்னொருத்தி. வாடகை வாங்கியதில்லை. வெள்ளவத்தையில் ஒரு கட்டிலுக்குக் கேட்கிற வாடகை அந்தப் பிள்ளைகளின் தாய்தகப்பனுக்குக் கட்டாது. இப்போது இருப்பவள் நிலானி, மன்னார்ப் பிள்ளை. பின்னேரம் வந்து கதவடியில் நின்றாள்.

"அன்ரி, நான் வேற இடம் பாக்கவோ?"

"ஏன் பிள்ளை?"

"வாட்சப் குரூப்பில போட்டிருக்கு. வீடு சங்கத்துக்குப் போகுதாம், உங்கட அம்மா அப்பான்ர பேர் வைக்கினமாம். திருத்த வேலை தொடங்கப் போறாங்களாம்."

அப்படியென்றால் குரூப்புக்குத் தெரியும். மன்னாருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

கடுதாசியில் இது அண்ணாவின் வீடு. அது சரி. ஆனால் இதை வாங்கியது எதை விற்று? யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீட்டை விற்று. கொக்குவில் வீடு எனக்கென்று வைத்த சீதனம். எங்கள் ஊரில் வீடு பெட்டைக்குத்தான். கலியாணம் நடந்திருந்தால் அன்றே எழுதியிருப்பார்கள். எனக்குக் கலியாணம் நடக்கவில்லை, அதனால் எழுதவும் இல்லை. அம்மா செத்தபிறகு அதை விற்று இங்கே வாங்கும்போது, "உன்ர பேரிலயோ என்ர பேரிலயோ, எல்லாம் ஒண்டுதானே" என்றார் அண்ணா. நானும் தலையாட்டினேன். மாப்பிள்ளை வராவிட்டால் சீதனம் ஆவியாகிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். விமானம் பிந்தி வந்தது. அண்ணா மெலிந்துவிட்டார், முழங்கால் வருத்தம். அண்ணி வரவில்லை. என்னைக் கட்டிப்பிடித்துக் கண்கலங்கினார். எனக்கும் வந்துவிட்டது, கண்ணீருக்கு என்ன தெரியும்.

சொக்கிலேற், வாசனைச் சவர்க்காரம், எனக்கு ஒரு சுவெற்றர். வெள்ளவத்தையில் சுவெற்றர்!

சாப்பிட்டுவிட்டு அறை அறையாக நடந்தார். ஹோல் சுவரை விரல் முட்டியால் தட்டிப்பார்த்தார்.

"இதை இடிச்சா நல்ல பெரிய ஹோல் வரும், என்ன?"

"வரும். ஏன் இடிக்கிறியள்?"

"சும்மா சொன்னனான்."

இன்றிரவு சொல்லுவார் என்று பார்த்திருந்தேன். களைப்பு என்று படுத்துவிட்டார். சரி, பயணக் களைப்பு.

நவம்பர் 12, புதன்

சொல்லவில்லை.

காலை: பிட்டும் கணவாய்க் கறியும். "வெளியில சாப்பிட்டா எனக்கு வயிறு ஒத்துவராது, உன்ர கைச்சாப்பாடுதான்." மத்தியானம் ஒடியல் கூழ். இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். மூன்று வேளையும் எதிரே இருந்து பரிமாறுகிறேன். வாயைத் திறப்பார் என்று பார்த்தால் சாப்பிடத்தான் திறக்கிறார்.

பின்னேரம் விழாவில் பேசப்போகிற பேச்சைக் கொண்டுவந்தார். "நீ தமிழ் ரீச்சர், பிழை இருந்தாச் சொல்லு." படித்தார். அப்பா, அம்மா, கஷ்டப்பட்ட காலம், கம்பஸ் தந்த வாழ்வு. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். நடுவில் ஒரு பந்தி வந்ததும் கண் கீழே ஓடியது, வாய் நின்றது. அதை விட்டுவிட்டு அடுத்த பந்திக்குப் போனார்.

"எப்பிடி?"

"நல்லாத்தான் இருக்கு. இடையில ஏதோ விடுபட்டமாதிரி."

"இல்லையே" என்றார்.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அறுபத்தெட்டு வயது மனிசன். எனக்கு அவர்மேல் இருந்ததில் பாதி அந்த 'இல்லையே'யில் போய்விட்டது.

ஏன் நானே கேட்கவில்லை? அவர் சொல்ல வேண்டியது. நான் கேட்டால் அது பிச்சை.

நவம்பர் 14, வெள்ளி

நேற்று எழுதவில்லை. தலையிடி. பச்சைச் சட்டை வந்துவிட்டது, கை இறுக்கம். தையற்காரி "நீங்கதான் மிஸ் உடம்பு வச்சிட்டீங்க" என்கிறாள். நித்திரை இல்லாத இந்தக் கிழமையிலா?

அண்ணா கூட்டாளிமாரைப் பார்க்கப் போய்விட்டார். கீழ்வீட்டு பரீதா கோழிக்கறியோடு வந்தாள். இருபது வருடப் பழக்கம். மகளுக்கு நான்தான் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதுகொண்டு கொட்டினேன்.

"ஒங்களுக்கிட்ட ஒரு வார்த்த கேக்கல்லையா டீச்சர்?"

"இல்லை."

"பேரு என்ன வைக்கிறாராம் அந்த எடத்துக்கு?"

"அம்மா அப்பான்ர பேர்."

பரீதா கன்னத்தில் கை வைத்தாள். "ஊரான் கோழிய அறுத்து உம்மா பேருல கத்தம் ஓதின கததான்."

சிரித்துவிட்டேன். இத்தனை நாளில் முதல் சிரிப்பு. எங்களிடம் அது கடைத்தேங்காயும் வழிப்பிள்ளையாரும். எல்லாச் சனத்துக்கும் இப்படி ஒரு அண்ணன் இருந்திருக்கிறான் போல.

போகும்போது சொன்னாள்: "நீங்க பேசாம இருந்தா, சம்மதம் எண்டுதான் செல்லுவாங்க டீச்சர்."

நவம்பர் 15, சனி

பின்னேரம் இடி, கரண்ட் போய் வந்தது.

சொல்லிவிட்டார். விழாவுக்கு முதல்நாள், தேத்தண்ணி குடிக்கும்போது, வாழைப்பழம் வாங்கச் சொல்லுகிற குரலில்.

"தங்கச்சி, இந்த வீட்டை நான் சங்கத்துக்குக் குடுக்கலாம் எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறியளோ, குடுத்திட்டியளோ?"

கொஞ்சம் அதிர்ந்தார். யார் சொன்னது என்று கேட்டார். மலரில் படம் வருகிறது அண்ணா, ஊருக்கே தெரியும் என்றேன்.

"உனக்கு ஒரு அறை எப்பவும் இருக்கும். நான் கதைச்சிட்டன். நீ பொறுப்பாளர் மாதிரி இருந்து பிள்ளையளைப் பாத்துக்கொள்ளலாம். இப்பவும் அதைத்தானே செய்யிறாய். உனக்கும் பொழுது போகும்."

"இப்ப என்ர வீட்டில செய்யிறன்."

"உன்ர காலம் முடியுமட்டும் ஒருத்தரும் உன்னை எழுப்பி அனுப்ப மாட்டினம்."

"அது எழுத்தில இருக்கோ?"

"சகோதரங்களுக்கிடையில என்ன எழுத்து?"

இந்த வீடு வாங்கிய அன்றும் இதையேதான் சொன்னவர். அன்று எனக்கு அது அன்பாகக் கேட்டது.

கொக்குவில் வீட்டைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "அது அப்பான்ர வீடு. நீ கலியாணம் கட்டியிருந்தா உன்ர." என்னை யாரும் கட்டவில்லை என்பதை இத்தனை வருடத்தில் சொந்தத் தமையன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதையும் செய்து முடித்துவிட்டார்.

பிறகு சமாதானமாக: "நாளைக்கு நீதான் எனக்குப் பொன்னாடை போர்க்கவேணும். நிகழ்ச்சி நிரலில அடிச்சாச்சு. தங்கச்சி போர்த்தினா சபைக்கும் வடிவாயிருக்கும்."

இரவு சமைக்கவில்லை. பேக்கரியில் பாண் வாங்கி வைத்தேன். என்ன பாண் என்று கேட்டார். பாண்தான் என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபம். போனேன். பச்சைச் சேலையும் இறுக்கச் சட்டையும். வீட்டில் இருந்துவிட்டால் 'சுகமில்லை' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நிலானி பக்கத்தில் இருந்தாள்.

விளக்கேற்றல். வரவேற்பு நடனம். தலைவருரை, அறுவை. மலர் கைக்கு வந்தது. என் பல்கனி, என் பூச்சாடி, கீழே அண்ணாவின் பெயர். குகதாசன் வாசித்தார்: "கொழும்புக்கு வரும் எமது மாணவிகளுக்காகத் தமது இல்லத்தின் கதவுகளைப் பல்லாண்டு காலம் திறந்து வைத்திருந்த பெருந்தகை..." கை தட்டினார்கள். கதவைத் திறந்துவிட்டவர் லண்டனில் இருந்தாராம்! இந்தப் பெட்டைகளுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்தது யார்? நிலானி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு: "பொன்னாடை போர்த்திக் கௌரவிக்க அன்னாரின் அன்புச் சகோதரியை அழைக்கிறோம்." என் பெயரைச் சொன்னார்கள். நான் எழும்பவில்லை. மறுபடி சொன்னார்கள். மேடையில் அண்ணா கழுத்தை நீட்டிச் சபைக்குள் தேடுகிறார், சிரித்தபடி. குகதாசன் இறங்கி ஓடிவந்து குனிந்தார்.

"ரீச்சர், வாங்கோ, எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம்."

மைக் இல்லை எனக்கு. தேவையும் இல்லை. முப்பது வருடம் வகுப்பில் கடைசி வாங்குக்குக் கேட்கப் படிப்பித்தவள்.

"தம்பி, உங்களுக்குக் குடுக்கிற அந்த வீட்டில நான் குடியிருக்கிறன். என்ர சீதன வீட்டை வித்து வாங்கின வீடு. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. எனக்குச் சம்மதமில்லை."

பின்னால் ஒரு பெண்: "ஐயோ, மனிசியைக் கேக்காமலோ?" யாரோ உஷ் என்றார்கள். தலைவரே பொன்னாடையைப் போர்த்தினார், விருதையும் கொடுத்தார். வீடு கையளிப்பு என்று நிரலில் இருந்ததைத் தாண்டி நேரே வயலின் கச்சேரிக்குப் போய்விட்டார்கள்.

முடிந்தபிறகு தலைவர் அண்ணாவின் தோளில் தட்டிச் சொன்னது காதில் விழுந்தது: "வீட்டு அலுவலைப் பிறகு ஆறுதலாப் பாப்பம். வழக்குவம்பு எங்களுக்குச் சரிவராது."

வீட்டுக்குள் வந்ததும் அண்ணா:

"சபையில என்ர முகத்தில கரி பூசிட்டாய்."

"நீங்கள் எனக்குப் பூசேக்க சபை இல்லை. அதுதான் வித்தியாசம்."

கெட்டித்தனமாகச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி அழுதேன். வென்றதுபோல இல்லை. செத்த வீட்டுக்குப் போய் வந்த மாதிரி இருக்கிறது. இருந்தது ஒரே ஒரு சகோதரம்.

நவம்பர் 17, திங்கள்

வானம் வெளித்துவிட்டது. மோட்டர் திருத்துகிறவன் வந்தான். மூன்றாம் மாடிக்காரர் வாய் திறக்காமல் பங்கு தந்துவிட்டார். நேற்று சபையில் இருந்தாராம்.

நிலானியை வேறு இடம் பார்க்கவேண்டாம் என்று சொன்னேன். தலையாட்டினாள். பரீதா தனக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணியின் நம்பர் தந்தாள். புதன்கிழமை போகவேண்டும்.

அண்ணா ஹோட்டலில் அறை எடுத்துவிட்டார். பயணம் வெள்ளிக்கிழமைதான், ஆனால் இங்கே நிற்கமாட்டாராம். தேத்தண்ணியும் குடிக்கவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். ஒரு மன்னிப்பு வேண்டாம், "பிழைதான் தங்கச்சி" என்று ஒரு சொல், அது வந்திருந்தால் நான் விழுந்து கும்பிட்டிருப்பேன். அவ்வளவு விசரி நான்.

செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். உண்மையான கவலையோடு கேட்டார்:

"அப்ப, இனி நான் கொழும்புக்கு வந்தா எங்க நிக்கிறது?"

லிஃப்ட் பொத்தானை நானே அமத்தினேன்.